அறுபத்திரண்டுக்கு மேல் அனுமதி இல்லை

பந்தயத்தன்று காலை ஆறு மணிக்குள் நான்கு முறை கழிப்பறைக்குப் போய்விட்டேன். எனக்குப் பயம் வந்தால் மூளைக்கு முன்பே வயிற்றுக்குத் தகவல் போய்விடும். ஐந்தாவது முறை எழுந்தபோது என் மனைவி வசுமதி கண்ணைத் திறக்காமலேயே சொன்னாள்:

"பேசாம பந்தயத்த இங்கயே வச்சுக்கலாம். கட்டிலுக்கும் கக்கூஸுக்கும் நடுவுல. நீங்கதான் ஃபர்ஸ்ட்டு."

என் பெயர் சௌந்தரபாண்டியன். வயது நாற்பத்திரண்டு. பெயரில் ஒரு பாண்டியன் இருக்கிறானே தவிர ஆளிடம் இல்லை. பல் மருத்துவரின் நாற்காலியில், அவர் வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்பே மயங்கியவன் நான். எதிர்வீட்டு நாயைக் கட்டிப்போட்டிருக்கிறார்களா என்று மாடியிலிருந்து பார்த்துவிட்டுத்தான் தெருவில் இறங்குவேன். இப்படிப்பட்ட ஒருவன் எட்டு கிலோமீட்டர் தூரமும் இருபத்திரண்டு தடைகளும் கொண்ட ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்தது எப்படி என்று கேட்பீர்கள். மாட்டேன் என்று சொல்லப் பயந்துதான்.

இதைவிட வெட்கக்கேடான தகவல் ஒன்று உண்டு. அந்த ஓட்டம் தொடங்கும் இடத்தில் நிற்கிற வாசலைச் செய்தவனே நான்தான்.

'நிதானம்' என்று அதற்குப் பெயர். ஆள் உயரச் சட்டம், நடுவே ஒரு கண்ணாடிக் கதவு, பக்கத்தில் உள்ளங்கை வைக்க ஒரு தகடு. கையை வைத்துக்கொண்டு எதிரே இருக்கும் சின்ன லென்ஸைப் பத்து விநாடி பார்க்க வேண்டும். நாடி, வியர்வை, மூச்சு, கண்பாவையின் விரிவு எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டு, உங்கள் பயத்துக்குப் பூஜ்யத்திலிருந்து நூறுக்குள் ஓர் எண்ணைத் தரும். அறுபத்திரண்டு வரை பச்சை விளக்கு, கதவு திறக்கும். அதற்கு மேல் போனால் சிவப்பு. ஒரு பெண் குரல் மிகுந்த அன்போடு, "சற்று இளைப்பாறி மீண்டும் முயலவும். பயம் இயல்பானதே" என்று சொல்லும். அந்த இரண்டாவது வாக்கியம் என் சொந்தக் கற்பனை. எழுதிய அன்று எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

சில வருடங்களுக்கு முன் இதுபோன்ற ஓர் ஓட்டத்தில் சுவரின் உச்சியில் பயத்தால் உறைந்துபோன ஒருவர் கீழே விழுந்து முதுகெலும்பை முறித்துக்கொண்டார். பயந்தவர்களை ஓட விடாதீர்கள் என்று காப்பீட்டுக்காரர்கள் பிடிவாதம் பிடித்தார்கள். எங்கள் நிறுவனம் இந்த வாசலைச் செய்து கொடுத்தது. அது பந்தயத் திடலோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஓட்டுநர் தேர்வுக்கு வந்தது, நுழைவுத் தேர்வு அறைக்கு வந்தது, உயரத்தில் வேலை செய்கிற கட்டடத் தொழிலாளிகளுக்கு வந்தது. சேலத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்காரர் பெருமைக்காக வாங்கி மணமேடைக்கு முன்னால் நிறுத்தினார். மாப்பிள்ளைக்கு எண்பத்தொன்பது வந்து, முகூர்த்தம் தவறிவிடும் என்று மின் இணைப்பைப் பிடுங்கினார்கள். ஊருக்கு ஊர் 'பச்சை விளக்குப் பயிற்சி மையம்' முளைத்தது. இதெல்லாம் எனக்கு அப்போது வேடிக்கையாகத்தான் இருந்தது. சிவப்பு விளக்கில் நின்றவர்களை நான் பார்த்ததே இல்லை. நான் எப்போதும் வாசலின் பின்பக்கம், ஒயர்கள் இருக்கும் பக்கத்தில் இருந்தேன்.

எங்கள் விற்பனைத் தலைவர் பெஞ்சமின் என்னைவிட எட்டு வயது இளையவர். ஒரு கூட்டத்தில் திடீரென்று என்னைக் கைகாட்டினார்.

"வாசலச் செஞ்ச ஆளே அதுல கை வச்சு, பச்சை வாங்கி, ஓடிக் காட்டினா எப்படி இருக்கும்? பாண்டியன், நீங்க ஓடுறீங்க."

பதினாறு பேர் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பதினாறு பேர் எதிரில் முடியாது என்று சொல்வதா, மூன்று மாதம் கழித்து எட்டடிச் சுவர் ஏறுவதா? சுவர் தூரத்தில் இருந்தது. தலையாட்டினேன்.

மூன்று மாதப் பயிற்சியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் ஓடினேன், ஐந்து நாள் ஓடுவதைப் பற்றி வீடியோ பார்த்தேன். கயிறு ஏறப் பழக வீட்டு மாமரத்தில் கட்டிய கயிற்றில் வசுமதி இரண்டே நாளில் துணி காயப்போட ஆரம்பித்துவிட்டாள்.

ஓட்டம் மதுக்கரைக்கு அப்பால், கைவிடப்பட்ட ஒரு கல்குவாரியில். காலை எட்டு மணிக்கு இரண்டு கேமராக்கள், பெஞ்சமின், இருநூறுக்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, முதல் ஆளாக நான் வாசலில் நின்று கையைத் தகட்டில் வைத்தேன். லென்ஸைப் பார்த்தேன். பத்து விநாடி.

தொண்ணூற்று நான்கு.

"சற்று இளைப்பாறி மீண்டும் முயலவும். பயம் இயல்பானதே."

இருநூறு பேரும் சிரிக்கவில்லை. நூற்றைம்பது பேர் இருக்கலாம். பெஞ்சமின் கேமராவை மறைத்துக்கொண்டு என் காதருகே குனிந்தார்.

"மெஷின் ஃபால்ட்டுன்னு சொல்லிடலாமா?"

"அதைச் செஞ்சதும் நான்தானே சார். எப்படிப் பாத்தாலும் ஃபால்ட்டு என் பேருலதான் வரும்."

அவர் பெருமூச்சு விட்டார். "மூணு சான்ஸ் இருக்கு. போய் நல்லா மூச்ச இழுத்து விடுங்க."

சிவப்பு வாங்கியவர்கள் காத்திருக்கும் இடத்துக்கு 'நிதான அறை' என்று பெயர் வைத்திருந்தோம். உண்மையில் அது ஒரு ஷாமியானாப் பந்தல். பிளாஸ்டிக் நாற்காலிகள், தண்ணீர் கேன், ஒலிபெருக்கியில் புல்லாங்குழல். அந்த இசையும் என் தேர்வுதான். கால் மணி நேரம் தொடர்ந்து கேட்டால் மனிதனுக்குக் கொலைவெறி வரும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

எட்டரை மணிக்குள் அங்கே இருபத்தெட்டு பேர் சேர்ந்துவிட்டோம். சர்க்கரை நோயாளிகள் அளவை விசாரித்துக்கொள்வது மாதிரி ஒருவரையொருவர் எண் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பக்கத்து நாற்காலியில் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண், ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை பழைய தீக்காயத் தழும்பு. விரல்கள் நடுங்கியதால் முடிச்சு விழ மாட்டேனென்றது.

"எத்தனைங்க உங்களுக்கு?" என்று கேட்டார்.

"தொண்ணூத்தி நாலு."

"அட!" என்று நிமிர்ந்து என்னை மரியாதையோடு பார்த்தார். "எனக்கு எண்பத்தியெட்டுதானுங்க. இந்தப் பந்தல்ல நாந்தான் பெரிய ஆளுன்னு நெனச்சுட்டு இருந்தேன்."

அவர் பெயர் மைனாவதி. திருப்பூர் பக்கத்து மில்கள் பல சேர்ந்து நடத்துகிற ஒரு தீயணைப்புப் படையில் பதினோரு வருடமாக இருக்கிறார். பொழுதுபோக்குக்கு ஓட வந்தவர்களிடையே அவர் மட்டும் வேறு காரணத்துக்காக வந்திருந்தார்.

"எங்க ஸ்டேஷன்லயும் இந்தக் கேட்ட மாட்டிட்டாங்க. டூட்டிக்கு ஏறும்போது கைய வெக்கோணும். பச்ச வந்தாத்தான் வண்டில ஏறலாம். எனக்கு ஒரு நாளும் எண்பதுக்குக் கீழ வந்ததில்லீங்க. பதினாலு மாசமா போன் எடுக்கற சீட்டுல உக்கார வெச்சுட்டாங்க."

"முன்னாடியும் பயம் இருந்துதா?"

"இருக்காதுங்களா? நெருப்புங்க அது." நான் கேட்டதே விசித்திரம் என்பதுபோல் பார்த்தார். "மணி அடிச்சாப் போதும், வாந்தி வந்துரும். வாயைத் தொடச்சுட்டு வண்டில ஏறுவேன். உள்ள போவேன். ஆளத் தூக்கிட்டு வருவேன். வந்தப்புறம் மறுக்கா நடுங்கும். எங்க ஆபீசரு அதுக்குன்னே வண்டில ஒரு பக்கெட் வெச்சிருந்தாரு. யாரும் ஒண்ணும் சொன்னதில்ல, இந்தக் கேட்டு வர்ற வரைக்கும்."

"இங்க ஓடினா?"

"கேட்டு வெச்ச பந்தயத்துல பச்சையில ஏறி ஓடி முடிச்சேன்னு சர்ட்டிபிகேட் காட்டினா மறுபடி வண்டிக்கு எடுத்துக்குவாங்களாமுங்க. இது மூணாவது பந்தயம். ரெண்டுலயும் உள்ளயே விடலை. இந்த மாசம் தாண்டுச்சுன்னா போன் சீட்டே நெரந்தரம்."

முடிச்சை ஒருவழியாகப் போட்டுவிட்டுக் கேட்டார்:

"அதென்னங்க அறுபத்திரெண்டு? அறுவதுன்னும் வெக்கல, அறுவத்தஞ்சுன்னும் வெக்கல. யாரோ பெரிய ஆராய்ச்சி பண்ணித்தான் வெச்சிருப்பாங்க, இல்லீங்களா?"

தண்ணீர் குடித்தேன். தண்ணீர் குடித்தால் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒரு டம்ளர் எவ்வளவு நேரம் வரும்?

அந்த எண் எப்படி வந்தது என்று எனக்குத்தான் தெரியும். உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது. வாசல் முதன்முதலாகத் தயாரான அன்று மாலைக்குள் அறிக்கையைக் கொடுத்தாக வேண்டியிருந்தது. இருநூறு பேரை வைத்துச் செய்ய வேண்டிய சோதனை பாதிகூட முடியவில்லை. எல்லை எண் எழுத வேண்டிய கட்டம் மட்டும் காலியாக இருந்தது. சாப்பிட்டுவிட்டு வந்து, தகடு வேலை செய்கிறதா என்று பார்க்க என் கையை வைத்தேன். அறுபத்திரண்டு வந்தது. நான் எப்பேர்ப்பட்ட பயந்தாங்கொள்ளி என்று எனக்குத் தெரியும். என்னைப்போல ஒருவனுக்கே அறுபத்திரண்டுதான் என்றால், அதைத் தாண்டுகிறவன் நிச்சயம் ஆபத்தானவன் என்று தோன்றியது. எழுதிவிட்டேன். தயிர்சாதம் தின்றுவிட்டுச் சுழல் நாற்காலியில் சாய்ந்திருந்தவனின் பயம் அது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஏன் அவரிடம் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. புல்லாங்குழல் ஒரு காரணமாக இருக்கலாம். தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

மைனாவதி நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"வெறும் தயிர்சாதமுங்களா?"

"மோர் மிளகாயும் இருந்துச்சு."

சிரிப்பு மாதிரி ஒரு சத்தம் வந்தது. பிறகு முகம் மாறியது.

"ஒரு நாள் போன் வந்துச்சுங்க. மில் குடோன்ல தீ. எனக்கு அந்தக் குடோன் தெரியும், பழைய ஓட்டுக் கட்டடம். உள்ள நாலு பேரு மாட்டீட்டாங்கன்னு ஒரு அம்மா கத்துது. நான் அட்ரஸ எழுதிக்கிட்டு உக்காந்திருக்கேன். நம்ம செட்டுல ராசுன்னு ஒருத்தரு. நாப்பத்தொண்ணு வாங்கிப் பச்சையில போனாரு. நல்ல மனுசன், தைரியசாலி. நேரா உள்ள நடந்தாருங்க. பயப்படறவ போயிருந்தா மொதல்ல அண்ணாந்து கூரையப் பாத்திருப்பா. அவரு பாக்கல. உத்திரம் கால் மேல விழுந்துருச்சு. இப்ப அவரும் என் பக்கத்துச் சீட்டுல உக்காந்து போன் எடுக்கறாரு."

"உள்ள இருந்தவங்க?"

"மூணு பேர் வந்தாங்க."

நாலு பேர் என்றுதானே சொன்னார் என்று கணக்குப் பார்த்தேன். பிறகு கணக்குப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டேன்.

இரண்டாம் முறைக்குக் கூப்பிட்டார்கள். எனக்கு முன்னால் போனவர் ஒரு கல்லூரிப் பேராசிரியர். பயிற்சி மையத்தில் சொல்லிக்கொடுத்தபடி வரிசையில் நிற்கும்போதே மூன்று மாத்திரைகளை விழுங்கியிருந்தார். ஐம்பத்தொன்பது. கொட்டாவி விட்டுக்கொண்டே பச்சையில் போனார். மைனாவதிக்கு எண்பத்தாறு. எனக்குத் தொண்ணூற்றாறு. பெஞ்சமின் இந்தத் தடவை பக்கத்தில்கூட வரவில்லை.

பந்தலுக்குத் திரும்பியதும் மெதுவாகச் சொன்னேன்: "ரிப்பேர் பண்றவங்களுக்குன்னு ஒரு வழி இருக்கு. நான் திறந்துவிட்டா எண்ணே பதிவாகாது. நீங்க போயிடலாம். யாருக்கும் தெரியாது."

"வேண்டாமுங்க."

"ஏன்?"

"திருட்டுத்தனமா போயி, நாளைக்குத் தெரிஞ்சா போன் சீட்டும் போயிரும். மைனாவதி பயந்துக்கிட்டு ஏமாத்தினான்னு பேசுவாங்க. எண்பத்தாறு இருக்குது, எண்பத்தாறோடதான் போவேன்னு சொல்றேன். அது தப்புங்களா?"

தப்பில்லை. ஆனால் அப்படியானால் மிச்சம் இருப்பது ஒரே வழி. எல்லை எண்ணை மாற்றும் உரிமை எனக்கு உண்டு. மாற்றினால் யார் மாற்றியது, எப்போது, ஏன் என்று நான் எழுதியாக வேண்டும். அது நாட்டில் உள்ள எல்லா வாசல்களின் பொதுப் பதிவேட்டிலும் ஏறும். காப்பீட்டுக்காரர்கள் அதைத்தான் முதலில் படிப்பார்கள்.

எழுந்தேன், உட்கார்ந்தேன். மறுபடி எழுந்து கழிப்பறைக்குப் போய்வந்தேன். திரும்பும்போது பந்தலில் இருந்த இருபத்தாறு முகங்களையும் ஒரு தடவை பார்த்தேன். மைனாவதியைத் தவிர அவர்கள் யாரையும் நான் அதுவரை கவனித்துப் பார்த்ததில்லை. ஒரு பெண் தன் மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணிக்கொண்டிருந்தார், பயம் அதனாலேயே கூடிக்கொண்டிருந்தது.

வாசலுக்குப் போய்ப் பக்கவாட்டுப் பலகையைத் திறந்தேன். பொறியாளர் என்பதற்கு அத்தாட்சியாக என் உள்ளங்கையைத் தகட்டில் வைக்கச் சொன்னது. வைத்தேன். வாசலுக்கு மேலே, கூட்டத்துக்கே தெரிகிற பெரிய திரையில் தொண்ணூற்றொன்பது என்று வந்தது. பழுதுபார்க்கிறவன் பயப்படக் கூடாது என்று விதி எழுத நல்லவேளையாக நான் மறந்திருந்தேன்.

பெஞ்சமின் ஓடி வந்தார். "என்ன பண்றீங்க பாண்டியன்?"

"எல்லையை நூறாக்குறேன் சார்."

"நூறா? அப்ப கதவு எதுக்கு? எல்லாரும் போயிடுவாங்களே!"

"ஆமா சார்."

"கேமரா ஓடிட்டிருக்கு. கையை எடுங்க. உங்களுக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லிக்கலாம்."

என் கை நடுங்கியதில் பூஜ்யத்தை ஒன்று கூடுதலாக அழுத்திவிட்டேன். ஆயிரம் ஏற்கப்படாது என்றது இயந்திரம். அழித்துவிட்டு மறுபடி அடித்தேன். காரணம் என்ற கட்டத்தில் இப்படி எழுதினேன்: 'முந்தைய எண்ணுக்கு எந்த ஆதாரமும் இல்லை. சோதனை முடியாமல் என் சொந்த எண்ணை எழுதினேன். சௌந்தரபாண்டியன்.'

"உங்க வேலை போயிடும்," என்றார் பெஞ்சமின். கோபம்கூட இல்லை, நிஜமான கவலை.

"தெரியும் சார். அதான் தொண்ணூத்தொம்பது காட்டுது."

மைனாவதி வந்து கையை வைத்தார். எண்பத்தேழு. பச்சை. கதவு திறந்தது. அந்தப் பக்கம் போனதும் ஒரு புதர் பக்கமாகக் குனிந்து வாந்தியெடுத்தார். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஓடினார் பாருங்கள்! முதல் சேற்றுக் குழியை நான் கண்ணைச் சிமிட்டுவதற்குள் கடந்துவிட்டார். அவருக்குப் பின்னால் பந்தலில் இருந்த மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கை வைத்துப் போனார்கள், எழுபது, தொண்ணூறு, எண்பத்திரண்டு. எல்லாம் பச்சை.

கடைசியில் நான் மட்டும் நின்றேன். பெஞ்சமின் என்னைப் பார்த்தார், கேமராக்கள் பார்த்தன. வேலை எப்படியும் போய்விட்டது, வீட்டுக்குப் போகலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அத்தனை பேர் பார்க்கும்போது திரும்பி நடப்பதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். அது என்னிடம் இல்லாததால் ஓடினேன்.

என் ஓட்டத்தை வர்ணித்து உங்கள் பொழுதை வீணாக்க மாட்டேன். சேற்றில் ஒரு ஷூவை விட்டுவிட்டு, அதை எடுக்கப் போய் இன்னொன்றையும் விட்டேன். எட்டடிச் சுவரில் என்னை மேலே தள்ளியவர்கள் மூன்று பேர். முதல் இரண்டு பேர் பாதியில் கைவிட்டுப் போனார்கள். கான்கிரீட் குழாய்க்குள் தவழ்ந்தபோது முன்னால் ஏதோ மெத்தென்று தட்டுப்பட்டது. பேராசிரியர். நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். மருத்துவக் குழுவினர் வந்து காலைப் பிடித்து இழுத்தபோதும் விழிக்கவில்லை.

கடைசித் தடையில்தான் நான் முழுதாக நின்றுபோனேன். குவாரியின் விளிம்பில் ஒரு பலகை. பதினைந்தடி கீழே தேங்கிய பச்சைத் தண்ணீர். குதித்து நீந்தி வந்தால் முடிந்தது. எனக்கு உயிர்காப்பு உடுப்பு மாட்டிவிட்டுப் பலகையில் நிறுத்தினார்கள். கால் நகரவில்லை. வழியில் இளைப்பாற உட்கார்ந்து எனக்கும் பின்தங்கியவர்கள் வந்து என்னைச் சுற்றிக்கொண்டு போய்க் குதித்தார்கள். பின்னால் வர ஆளே இல்லாமல் போனபிறகும் நின்றுகொண்டிருந்தேன். முதலில் 'குதிங்க, குதிங்க' என்று கத்தியவர்கள் களைத்துப்போய்ச் சாப்பிடப் போய்விட்டார்கள்.

கீழே கரையில் ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மைனாவதி வந்து நின்றார். எப்போதோ ஓடி முடித்திருந்தார்.

"சார்! கீழ பாக்காதீங்கன்னு யாராச்சும் சொன்னாங்களா?"

"எல்லாரும் சொன்னாங்க!"

"கேக்காதீங்க. நல்லாப் பாருங்க. எடது பக்கம் தண்ணிக்குள்ள கறுப்பா என்ன தெரியுது?"

பார்த்தேன். "பாறை!"

"பாத்துட்டீங்களா? அதுக்குத்தான் பயமா இருக்குது உங்களுக்கு. சரியான பயந்தானுங்க. வலது பக்கம்?"

"ஒண்ணுமில்ல. தண்ணிதான்."

"அப்ப வலது பக்கம் ரெண்டு எட்டு வெச்சுக் குதிங்க."

ஓரெட்டு வைத்தேன். குதித்தேன் என்று எழுதத்தான் ஆசை. இரண்டாவது எட்டில் சேற்றுக் கால் வழுக்கிவிட்டது என்பதுதான் உண்மை. ஆனால் வழுக்கியது வலது பக்கம்தான். போகிற வழியில் நான் கூப்பிட்ட பெயர் வசுமதியுடையது என்று வீடியோவைப் பார்த்த எல்லாரும் சொல்கிறார்கள். அவள் அந்த இடத்தை மட்டும் வெட்டித் தன் அண்ணன், தங்கை, பள்ளித் தோழிகள் எல்லாருக்கும் அனுப்பினாள்.

இருநூற்றுப் பதினோராவது ஆளாக முடித்தேன். ஓடி முடித்தவர்கள் இருநூற்றுப் பதினோரு பேர். பேராசிரியர் கணக்கில் இல்லை.

மறுவாரம் எங்கள் நிறுவனத்தில் விசாரணை நடந்தது. நீளமான மேசைக்குப் பின்னால் ஐந்து பேர். அவர்களுக்கு நான் செய்த தவறைவிட ஒரு கேள்விதான் முக்கியமாக இருந்தது.

"சரி, அறுபத்திரண்டு தப்பு. எந்த எண் சரி?"

"அப்படி ஒண்ணு இல்லைங்க. இந்த மெஷின் பயத்தைச் சரியா அளக்குது. பயப்படுறவங்க என்ன செய்வாங்கன்னு அதுக்குத் தெரியாது."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எண் இல்லாத வாசலை யார் வாங்குவாங்க?"

 என்னை வேலையிலிருந்து நீக்கினார்கள். அது நியாயம்தான். சரியான எண்ணைக் கண்டுபிடிக்க ஒரு குழு அமைத்தார்கள். குழு முடிவு சொல்லும் வரை தீயணைப்புப் படைகளிலும் கட்டட வேலைகளிலும் வாசல்களை அணைத்துவைக்கச் சொன்னார்கள். குழு இன்னும் கூடிக்கொண்டுதான் இருக்கிறது. மைனாவதியின் சான்றிதழ் செல்லுமா என்று மில்காரர்கள் கேட்டிருந்தார்கள். அன்றைக்கு அந்த வாசலின் எல்லை நூறு, அவருக்கு வந்தது எண்பத்தேழு, ஆகவே செல்லும் என்று யாரோ ஒரு புண்ணியவான் கோப்பில் எழுதினார். அவர் வண்டிக்குத் திரும்பினார்.

நான் வீட்டில் இருந்தேன். எட்டு மாதம். பொய்யான எண்ணை எழுதியவன் என்று பத்திரிகையில் வந்த ஆளுக்கு வேலை கொடுக்க யாருக்கும் ஆர்வம் இல்லை. கடைசியில் ஈரோட்டில் ஒரு பாலிடெக்னிக்கிலிருந்து விரிவுரையாளர் வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். அவர்கள் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது என் செல்பேசி அடித்தது. பகல் ஒரு மணி.

"சார், மைனாவதிங்க. பேசலாமுங்களா?"

"சொல்லுங்க."

"ஒரு சந்தேகமுங்க. உங்களுக்குத்தான் தெரியும்." குரல் ஏதோ தட்டையாக இருந்தது. "காலைல ஒரு கேஸ் குடோனுக்குப் போனோமுங்க. மணி அடிச்சுது. எனக்கு ஒண்ணுமே தோணல. வயிறு புரட்டல. கை நடுங்கல. நேரா நடந்து போயி வால்வ அடைச்சுட்டு வந்துட்டேன். வந்தப்புறம் கூட வந்தவரு சொல்றாரு, அக்கா, பக்கத்துச் சுவரு விரிசல் விட்டு நின்னுதே, பாக்கலியான்னு. நான் பாக்கவே இல்லீங்க சார்."

பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"ஒரு மாசமா கொஞ்சங் கொஞ்சமா கொறைஞ்சுட்டே வருது. எல்லாரும் பழகிருச்சுன்னு சந்தோசப்படறாங்க. எனக்கென்னமோ கண்ணு அவிஞ்ச மாதிரி இருக்குதுங்க. ரெண்டு மணிக்கு மறுக்கா டூட்டி ஏறோணும். பயத்த வர வெக்க ஏதாச்சும் வழி இருக்குதுங்களா?"

பயத்தை அளப்பதற்காக ஆறு வருடம் ஆராய்ச்சி செய்தவன் நான். அதைக் கூட்டுவதைப் பற்றி ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை. "தெரியலையேங்க," என்றேன்.

"நீங்க எங்கீங்க இருக்கீங்க? மூச்சு வாங்குது."

"இன்டர்வியூவுக்கு வந்திருக்கேன். அடுத்தது நான்தான்."

"பயமா இருக்குதுங்களா?"

"உயிர் போகுது."

அவர் பக்கத்தில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. வேறு ஏதோ வேலையாக இருக்கிறார்போல என்று நினைத்தேன்.

"வெச்சுராதீங்க சார். எங்கெங்க நடுங்குது, சொல்லுங்க."

முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு சொன்னேன். முழங்கால்கள் ஒன்றோடொன்று இடிப்பதை, உள்ளங்கையின் ஈரத்தில் சான்றிதழ்க் கோப்பின் அட்டை ஊறிப்போனதை, உள்ளே ஒருவர் இருமினால்கூட என்னைப் பற்றித்தான் இருமுகிறார் என்று தோன்றுவதை. அவர்கள் அந்தப் பத்திரிகைச் செய்தியை மேசைமேல் எடுத்து வைத்தால் என்ன சொல்வது என்று தெரியாததை. வேலை கிடைக்காவிட்டால் வசுமதி ஒன்றும் சொல்ல மாட்டாள், அந்த ஒன்றும் சொல்லாத முகத்தைப் பார்க்க வேண்டுமே என்பதை. வாழ்க்கையில் யாரிடமும் முழுதாகச் சொல்லாத ஒன்றை, பெஞ்சில் குனிந்து உட்கார்ந்து, ஒன்றுவிடாமல் அவரிடம் சொன்னேன். நடுநடுவே அவர் "ம்" கொட்டினார். "ம்" வர வர அடிக்கடி கேட்டது. அப்புறம் "ம்" நின்று மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. சின்னதாக, வேகமாக.

"போதுங்க சார்," என்றார். குரல் நடுங்கியது. "வந்துருச்சு."

பேசியை வைத்துவிட்டார். அறைக் கதவைத் திறந்து என் பெயரைக் கூப்பிட்டார்கள்.